மொட்டைக் கடிதத்திலும் தபால் முத்திரை இருக்கும்: இணையத்தில் முகம் மறைப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

2021 ஜூன் 2ஆம் தேதி, லண்டன் லார்ட்ஸ் மைதானம். இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும் டெஸ்ட் போட்டி. ஒல்லி ராபின்சன் என்ற 27 வயது வேகப்பந்து வீச்சாளருக்கு அதுதான் முதல் டெஸ்ட். ஆட்டம் தொடங்கும் முன் இங்கிலாந்து வீரர்கள் எல்லோரும் இனவெறிக்கும் பாகுபாட்டுக்கும் எதிரான வாசகங்கள் போட்ட சட்டை அணிந்து வரிசையாக நின்றார்கள். ராபின்சனும் நின்றார். அன்று இரண்டு விக்கெட்டும் எடுத்தார். ஆனால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, 2012, 2013ஆம் ஆண்டுகளில் அவர் ட்விட்டரில் எழுதிய பழைய பதிவுகளை யாரோ கிளறி எடுத்துவிட்டார்கள். முஸ்லிம்களையும் ஆசியர்களையும் பெண்களையும் கேவலமாகப் பேசிய வரிகள். எழுதியபோது பதின்ம வயதைத் தாண்டுகிற பருவம் அவருக்கு. எடுத்த விக்கெட்டைப் பற்றிப் பேச வேண்டிய மாலையில், கேமரா முன் நின்று மன்னிப்பு கேட்டார்.

அந்தப் போட்டியில் மொத்தம் ஏழு விக்கெட், மட்டையாலும் 42 ரன். அறிமுக ஆட்டக்காரருக்கு இப்படியொரு தொடக்கம் அமைவது அபூர்வம். ஆனால் அடுத்த டெஸ்டில் அவர் இல்லை. கிரிக்கெட் வாரியம் இடைநீக்கம் செய்திருந்தது. விசாரணை முடிந்து எட்டு ஆட்டத் தடை, அதில் ஐந்து நிறுத்திவைப்பு, 3,200 பவுண்டு அபராதம். ஆகஸ்டில் இந்தியாவுக்கு எதிராகத் திரும்பி வந்து நான்கு டெஸ்டில் 21 விக்கெட் எடுத்தார், அது நம் ரசிகர்கள் பலருக்கு நினைவிருக்கும்.

இணையத்தில் முகம் மறைப்பதைப் பற்றிச் சொல்ல வந்து, முகத்தை மறைக்கவே செய்யாத ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். காரணம் இருக்கிறது. ராபின்சன் சொந்தப் பெயரில்தான் எழுதினார். அப்படியும் எட்டு ஆண்டுகள் அந்த வரிகள் யார் கண்ணிலும் படவில்லை. டெஸ்ட் அணியின் பக்கமே வராத ஓர் இளைஞன் என்ன எழுதினால் யாருக்கு என்ன? ஆக, மறைவில் இரண்டு வகை இருக்கிறது. பெயரை மறைத்துக்கொள்வது ஒன்று. யாரும் பொருட்படுத்தாத ஆளாக இருப்பதால் கிடைக்கும் மறைவு இன்னொன்று. திருவிழாக் கூட்டத்தில் நாம் ஒளிந்துகொள்ள வேண்டியதே இல்லை. யாரும் நம்மைத் தேடவில்லை, அவ்வளவுதான். நம்மில் பெரும்பாலோர் இணையத்தில் இந்த இரண்டாவது மறைவில்தான் வாழ்கிறோம். தேர்தலில் நின்றால், சினிமாவில் நடித்தால், நாட்டுக்காக விளையாடினால் அந்த மறைவு ஒரே நாளில் போய்விடும். அப்புறம் தேடுகிறவர்களின் எண்ணிக்கை கூடக்கூட, பெயரை மறைத்து எழுதியதும் வெளியே வரத் தொடங்கும்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

மொட்டைக் கடிதம் நமக்குத் தெரியாததல்ல. கீழே கையெழுத்து இருக்காது. "உங்கள் நலம் விரும்பி" என்று முடிந்திருக்கும். யார் எழுதியது என்று தெரியாது. இதுதான் அனாமதேயம். இணையத்தில் அனானி என்று சொல்கிறோமே, அது.

புனைபெயர் வேறு. எழுத்தாளர் ரங்கராஜன் தன் மனைவியின் பெயரான சுஜாதாவில் எழுதினார். அந்தப் பெயருக்கென்று ஒரு நடை, ஒரு வாசகர் கூட்டம், ஒரு மரியாதை எல்லாம் இருந்தது. இணையத்தில் ஒரு யூசர்நேம் வைத்துக்கொண்டு பத்து வருடம் எழுதுகிறவர் செய்வதும் இதுதான். அவர் யார் என்று தெரியாவிட்டாலும், அந்தப் பெயர் என்ன நினைக்கும், எப்போது தூங்கும், எந்த ஊர்ப் பேச்சு பேசும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஒரே ஒரு இடத்தில் அந்தப் பெயரும் நிஜப் பெயரும் ஒட்டிக்கொண்டால் போதும், பத்து வருடமும் சேர்ந்து வந்துவிடும். அதனால்தான் புனைபெயர் ஒற்றை மொட்டைக் கடிதத்தைவிட ஆபத்தானது.

மூன்றாவது அந்தரங்கம். குடும்ப வாட்ஸாப் குழுவில் எல்லோருக்கும் நம் பெயர் தெரியும். ஆனால் பேச்சு நான்கு சுவருக்குள் என்று நம்புகிறோம். இங்கே மறைந்திருப்பது ஆள் இல்லை, பேச்சு.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: யாரிடமிருந்து மறைவு? ஃபேக் ஐடி வைத்திருப்பவரைப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது, சரி. ஆனால் கணக்கு தொடங்கும்போது கொடுத்த போன் எண் அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. எந்த இணைப்பிலிருந்து உள்ளே வந்தார் என்று காட்டும் ஐபி முகவரி அவர்களுடைய பதிவேட்டில் விழுந்திருக்கும். அந்த முகவரி அந்த நேரத்தில் எந்தச் சந்தாதாரருக்குப் போனது என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தெரியும். சிம் வாங்கும்போது அடையாள அட்டை கொடுத்திருக்கிறோம். காவல்துறையோ நீதிமன்றமோ முறையாகக் கேட்டால் இவை எல்லாம் ஒரே நூலில் கோர்க்கப்படும். மொட்டைக் கடிதத்திலும் எந்த ஊர் அஞ்சலகம் என்று முத்திரை விழுந்திருக்குமே, அதுபோல.

பிரவுசரில் உள்ள இன்காக்னிட்டோ என்ற கறுப்புத் திரையை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. நம் கைபேசியில் வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. நாம் போகிற தளத்துக்கு நாம் வந்தது தெரியும். இது சம்பந்தமான வழக்கில், சேகரித்து வைத்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் 2024இல் ஒப்புக்கொண்டது. நம் இணைப்பை வேறோர் இடம் வழியாகச் சுற்றிவிடும் விபிஎன் போட்டால் தளத்துக்கு நம் ஐபி முகவரி தெரியாது. ஆனால் விபிஎன் நடத்துகிறவருக்குத் தெரியும். நம்பிக்கையை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொடுக்கிறோம்.

நான்கு மணி நேரத்தில் எஃப்பிஐ தலைவர்

சட்டம், காவல்துறை எதுவும் இல்லாமல், ஒரு சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? இதைப் புரிந்துகொள்ள ஜேம்ஸ் கோமியின் கதையைவிட நல்ல பாடம் கிடையாது.

2017 மார்ச் இறுதி. அப்போது அமெரிக்க எஃப்பிஐயின் தலைவராக இருந்த கோமி, வாஷிங்டனில் ஒரு விருந்தில் பேசுகிறார். பேச்சுவாக்கில், தனக்கு ட்விட்டரிலும் இன்ஸ்டாகிராமிலும் கணக்கு உண்டு என்கிறார். இன்ஸ்டாகிராமில் ஒன்பதே பேர்தான் தன்னைப் பின்தொடர்கிறார்கள், எல்லோரும் நெருங்கிய சொந்தம், கூட ஒரு மகளின் காதலர், அதுவும் பூட்டிய கணக்கு என்றும் சொல்கிறார். தன் குடும்பப் படங்களைப் பார்க்க வெளியாட்கள் வேண்டாம் என்பதைச் சொல்லத்தான் சொன்னார்.

ஆஷ்லி ஃபைன்பெர்க் என்ற பத்திரிகையாளர் இதைக் கேட்டுவிட்டுத் தேடத் தொடங்கினார். கோமியை நேரடியாகத் தேடிப் பயனில்லை. எனவே கோமியின் மகனைத் தேடினார். மகன் கல்லூரியில் கூடைப்பந்து ஆடுபவர். ஒரு வாழ்த்துச் செய்தியின் கீழே அவருடைய இன்ஸ்டாகிராம் கணக்கு கிடைத்தது. அதுவும் பூட்டியதுதான். ஃபைன்பெர்க் அந்தக் கணக்கைப் பின்தொடர அனுமதி கேட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். உடனே இன்ஸ்டாகிராம், "உங்களுக்கு இவர்களையும் பிடிக்கலாம்" என்று ஒரு பட்டியலை நீட்டியது. பூட்டு உடையவில்லை. ஆனால் உள்ளே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வாசலிலேயே சொல்லிவிட்டது. பட்டியலில் இருந்தவர்களில் ஒரு கணக்கின் பெயர் மட்டும் ரைன்ஹோல்ட் நீபர். பின்தொடர்பவர்கள் ஒன்பது பேர்.

ரைன்ஹோல்ட் நீபர் 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்க இறையியல் அறிஞர். கோமி கல்லூரியில் ஆய்வேடு எழுதியது அவரைப் பற்றித்தான். அப்புறம் ஃபைன்பெர்க் ட்விட்டரில் அதே பெயரில் இருந்த விரல்விட்டு எண்ணக்கூடிய கணக்குகளைப் பார்த்தார். அதில் ஒன்றின் யூசர்நேம், கோமி முன்பு அரசு வழக்கறிஞராக இருந்தபோது பங்கெடுத்த துப்பாக்கிக் குற்ற ஒழிப்புத் திட்டத்தின் பெயர். மொத்தத் தேடலுக்கும் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான் ஆனது என்று ஃபைன்பெர்க் எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் கோமியே அந்தக் கணக்கில் தன் படத்தைப் போட்டு, நான்தான் என்று ஒப்புக்கொண்டார்.

இதில் யாரும் எதையும் ஹேக் செய்யவில்லை. பாஸ்வேர்ட் திருடப்படவில்லை. கோமி தன் பக்கக் கதவை நன்றாகத்தான் பூட்டியிருந்தார். அவர் வாயிலிருந்து வந்த ஒன்பது என்ற எண், மகனின் கணக்கு, அந்த நிறுவனத்தின் பரிந்துரைப் பட்டியல், பிடித்த அறிஞரின் பெயர்: இந்த நான்கும் தனித்தனியே ஒன்றுமில்லை, சேர்ந்தால் ஆள். முகம் மறைப்பதில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். நாம் பெரிய ரகசியத்தைக் காப்பாற்றுகிறோம். சின்னச் சின்ன உண்மைகளை அங்கங்கே விட்டுவிடுகிறோம். தேடுகிறவருக்குச் சின்ன உண்மைகள் போதும். இத்தனைக்கும் கோமி அந்தக் கணக்கில் தவறாக எதுவும் எழுதவில்லை.

2018இல் அமெரிக்கக் கூடைப்பந்து உலகில் நடந்தது இதைவிட மோசம். ஃபிலடெல்ஃபியா செவன்ட்டி சிக்ஸர்ஸ் அணியின் நிர்வாகத் தலைவர் பிரையன் கொலாஞ்சலோவைப் புகழ்ந்தும், அவருடைய சொந்த அணி வீரர்களையே குறைசொல்லியும் ஐந்து முகமற்ற கணக்குகள் எழுதிவந்தன. தி ரிங்கர் என்ற தளம் அணி நிர்வாகத்திடம் அவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் கேட்டது. மற்ற மூன்றைப் பற்றி வேண்டுமென்றே வாய் திறக்கவில்லை. அன்றே அந்த மூன்றும் பூட்டிக்கொண்டன! செய்தி வெளிவந்த பிறகு வாசகர்கள் தேடலில் இறங்கினார்கள். கணக்கில் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று அழுத்தியபோது போன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் தெரிந்தது. அது கொலாஞ்சலோவின் மனைவியின் எண்ணோடு பொருந்தியது. விசாரணையில் மனைவிதான் எழுதினார் என்று தெரிந்தது. எழுதியது தானில்லை என்றாலும், அணியின் உள்விவகாரம் வீட்டிலிருந்து வெளியே போனதற்கு கொலாஞ்சலோதான் பொறுப்பு. செய்தி வந்த பத்து நாளுக்குள் பதவி விலகினார்.

இரண்டு இலக்கம் என்பது சாதாரணமாகத் தோன்றும். லட்சம் பேரில் ஒருவரைக் கண்டுபிடிக்க அது உதவாது. ஆனால் ஏற்கெனவே மூன்று பேர்மேல் சந்தேகம் இருக்கும்போது அதுவே தீர்ப்பு.

கையெழுத்து மாறினாலும் நடை மாறாது

ஒரே யூசர்நேமை எல்லா இடத்திலும் வைப்பதுதான் அதிகம் பேரை மாட்டிவிடுவது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 2024இல் ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சி சார்பில் நின்றவர் மார்க் ராபின்சன், அப்போது துணை ஆளுநர். 2008க்கும் 2012க்கும் இடையில் ஓர் ஆபாசத் தளத்தில் இனவெறியும் வக்கிரமுமாக எழுதிய கணக்கு அவருடையது என்று சிஎன்என் செப்டம்பர் மாதம் செய்தி வெளியிட்டது. எப்படிச் சேர்த்தார்கள்? அந்தக் கணக்கின் யூசர்நேம் அவர் மற்ற தளங்களில் வைத்திருந்தது. மின்னஞ்சல் முகவரி பொருந்தியது. கல்யாணமாகி எத்தனை வருடம், எந்த ஊர், அம்மா எங்கே வேலை பார்த்தார் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்ன விவரங்களும் பொருந்தின. அவர் எல்லாவற்றையும் மறுத்தார், வழக்கும் போட்டார். 2025 தொடக்கத்தில் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்கு முன்பே, 2024 நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஸ்டைனிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். அதே மாநிலத்தில் அதே நாளில் அவருடைய கட்சியின் டிரம்ப் ஜெயித்தார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் தோல்வியின் அளவு புரியும்.

சரி, யூசர்நேம் வேறு, மின்னஞ்சல் வேறு, ஊர் பேர் எதுவும் சொல்லவில்லை. அப்போதாவது தப்பிக்கலாமா? அங்கேதான் நடை வருகிறது. நம் வீட்டில் யார் அனுப்பிய வாட்ஸாப் செய்தி என்று எண்ணைப் பார்க்காமலே சொல்லிவிட முடியும். ஒருவர் "அப்பறம்" என்பார், இன்னொருவர் "அப்புறமா" என்பார். ஒருவர் எல்லா வாக்கியத்தையும் இரண்டு புள்ளியில் முடிப்பார். சிலருக்கு ஒற்று வராது, சிலருக்கு ல-ள மாறும். நாம் யோசிக்காமல் செய்கிற இந்தப் பழக்கங்களைக் கணினி எண்ணிப் பார்க்கும்.

சென்னை ஐஐடியில் படித்து இன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் அரவிந்த் நாராயணன் இந்தத் துறையில் முக்கியமானவர். 2012இல் அவரும் சக ஆய்வாளர்களும் ஒரு லட்சம் பேரின் இணைய எழுத்துகளைக் கணினிக்குக் கொடுத்து, பெயரில்லாத ஒரு பகுதியை எழுதியது அவர்களில் யார் என்று கேட்டார்கள். நூற்றுக்கு இருபது தடவைக்கு மேல் கணினி சரியான ஆளைச் சொன்னது. ஒரு லட்சத்தில் ஒருவரை! இது இப்போதைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வருவதற்குப் பத்து வருடம் முன்பு. அதற்கும் முன்னால், நெட்ஃபிளிக்ஸ் 2006இல் ஆய்வுப் போட்டிக்காகப் பெயர் நீக்கி வெளியிட்ட, ஏறக்குறைய 4,80,000 பேரின் பட மதிப்பெண்களை அவரும் விட்டலி ஷ்மாடிகோவும் ஆராய்ந்தார்கள். ஒருவர் எட்டுப் படங்களுக்குக் கொடுத்த மதிப்பெண்ணும் உத்தேசமான தேதியும் தெரிந்தால், அதில் இரண்டு தப்பாகவே இருந்தாலும், 99 சதவீதப் பதிவுகளைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று காட்டினார்கள். நம் ரசனையே ஒரு கைரேகை என்பதை இதைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

ஏன் முக்கியமான நாளில்தான் வருகிறது?

பழைய பதிவு எப்போதும் முதல் ஆட்டத்தன்று, வேட்புமனுத் தாக்கலன்று, விருது அறிவித்த வாரத்தில்தான் வரும். இதில் சதி இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அன்றுதான் பல்லாயிரம் பேர் முதல்முறையாக அந்தப் பெயரைத் தேடுபெட்டியில் தட்டுகிறார்கள். ஆயிரம் கண்கள் பார்த்தால் ஒன்றுக்காவது அகப்படும். நகைச்சுவை நடிகர் கெவின் ஹார்ட் 2018 டிசம்பரில் ஆஸ்கர் விழாவைத் தொகுத்து வழங்குவார் என்று அறிவிப்பு வந்தது. தன்பாலின ஈர்ப்பாளர்களை அவர் முன்பு இழிவாக எழுதிய பதிவுகள் உடனே வெளிவந்தன. மூன்று நாளுக்குள் விலகிக்கொண்டார்.

சதி இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. அமெரிக்கத் தேர்தல்களில் எதிராளியின் பழைய பேச்சைத் தோண்டுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். இயக்குநர் ஜேம்ஸ் கன் ட்விட்டரில் பத்து வருடம் முன்பு எழுதிய அருவருப்பான நகைச்சுவைகளை 2018 ஜூலையில் வெளியே எடுத்தவர்கள், அவருடைய அரசியல் கருத்து பிடிக்காதவர்கள். டிஸ்னி நிறுவனம் அவரைத் தன் படத்திலிருந்து நீக்கியது. எட்டு மாதத்தில் திரும்ப அழைத்துக்கொண்டது. தோண்டியவரின் நோக்கம் கெட்டது என்பதால் தோண்டி எடுத்தது பொய்யாகிவிடாது. ஆனால் நோக்கம் என்ன என்று கேட்காமல் நாமும் சேர்ந்து கல்லெறியக் கூடாது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு காரணம், பேச்சு இடம் மாறுவது. திண்ணையில் நான்கு நண்பர்களோடு பேசியதை ஒலிப்பதிவு செய்து, பத்து வருடம் கழித்துத் தேர்த்திருவிழாவில் ஒலிபெருக்கியில் போட்டால் எப்படி இருக்கும்? யாரிடம், எதற்குப் பதிலாக, எந்தக் கிண்டலில் சொன்னோம் என்பதெல்லாம் உதிர்ந்துபோய் வார்த்தை மட்டும் மிஞ்சும். சில வரிகள் எந்த இடத்திலும் தப்புதான். கிரிக்கெட் வீரர் ஒல்லி ராபின்சன் எழுதியது அந்த ரகம். அவருக்குத் தண்டனை கொடுத்தது சரி. கதவை ஒரேயடியாகச் சாத்தாமல் விட்டது அதைவிடச் சரி. என்னைக் கேட்டால், எழுதியபோது என்ன வயது, அதற்குப் பிறகும் அதே வேலையைச் செய்தாரா, வெளியே வந்ததும் முதல் வார்த்தையாக என்ன சொன்னார் என்ற மூன்றையும் பார்ப்பேன். பதினாறு வயதில் உளறியதும் நாற்பது வயதில் திட்டமிட்டு எழுதியதும் ஒரே தராசில் ஏறக் கூடாது.

போலி ஸ்கிரீன்ஷாட்டை இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம் என்பதையும் மறக்க வேண்டாம். தேர்தல் நேரத்தில் ஒரு படம் வந்தால், மூலப் பதிவு எங்கே, வேறு யாராவது அப்போதே பதில் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகு பகிரலாம்.

அழித்தால் போகுமா?

பாதி போகும். நம் பக்கத்திலிருந்து மறையும். யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அது அவருடையது. நம் வரியை மேற்கோள் காட்டிப் பதில் எழுதியிருந்தால் அதுவும் நிற்கும். 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு, உலகத்து இணையப் பக்கங்களை அவ்வப்போது தேதியோடு படியெடுத்து வைக்கிறது; நாம் மறந்த பக்கம் அங்கே இருக்கலாம். ஆனாலும் அழிப்பது நல்லதுதான், யாரும் தேடாத காலத்திலேயே. பதவி அறிவித்த மறுநாள் ஐயாயிரம் பதிவுகள் காணாமல் போனால் அதுவே செய்தியாகிவிடும்.

சட்டம் ஓரளவுக்குக் கை கொடுக்கிறது. தன் பழைய கடனுக்காகச் சொத்து ஏலத்துக்கு வந்த பத்திரிகை அறிவிப்பு இன்னும் தேடலில் வருகிறதே என்று ஸ்பெயின் நாட்டவர் ஒருவர் போட்ட வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2014 மே மாதம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பத்திரிகைப் பக்கம் அப்படியே இருக்கும், பெயரைத் தேடினால் கூகுள் அதைக் காட்டக் கூடாது என்பது தீர்ப்பு. மறக்கப்படும் உரிமை என்று இதைச் சொல்கிறார்கள். கலிபோர்னியாவில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தாங்கள் போட்டதை நீக்கக் கேட்கும் உரிமை 2015 முதல் இருக்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் நீக்கக் கோரும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பொதுவாழ்வுக்கு வருகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு குறைவு. பொதுமக்களுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது என்று அந்த ஐரோப்பியத் தீர்ப்பே பொதுநலனுக்கு இடம் விட்டிருக்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டு, சொந்தப் பெயரில் மட்டுமே எழுத அனுமதிக்க வேண்டும், அப்போதுதான் இணையம் உருப்படும் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2009 ஜனவரியில் பிபிசியின் உருதுத் தளத்தில் குல் மக்காய் என்ற பெயரில் ஒரு நாட்குறிப்பு வரத் தொடங்கியது. பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் தாலிபான்கள் பெண்கள் பள்ளிகளை மூடச் சொன்ன காலம். வகுப்பில் நாளுக்கு நாள் குறைகிற மாணவிகள், பயத்தோடு நடக்கிற பள்ளிச் சாலை என்று எழுதிய அந்தச் சிறுமிக்கு வயது 11. குல் மக்காய் என்பது பஷ்தூன் நாட்டுப்புறக் கதையின் நாயகி பெயர். அந்தப் பெயர் இல்லாவிட்டால் அவளால் ஒரு வரிகூட எழுதியிருக்க முடியாது. அந்த ஆண்டே அவள் மலாலா யூசப்சாய் என்று வெளியே தெரிந்தது. 2012 அக்டோபரில் தாலிபான்கள் பள்ளி வண்டிக்குள் ஏறி மலாலா யார் என்று கேட்டுச் சுட்டார்கள். 2014இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு. வீட்டில் அடிபடுகிற பெண், முதலாளியின் ஊழலைச் சொல்ல வருகிற ஊழியர், தன் பாலின அடையாளத்தை ஊருக்குச் சொல்ல முடியாத பிள்ளை, இவர்களுக்கெல்லாம் புனைபெயர்தான் வாய். வம்புக்காரனைப் பிடிக்கிறோம் என்று அந்த வாயை அடைத்துவிடக் கூடாது.

வீட்டில் ஒரு மணி நேரம்

என் அக்கா மகன் கல்லூரி முடித்து, அரசியல் செய்தியாளர் ஆக வேண்டும் என்று நிற்கிறான். போன மாதம் அவனை உட்காரவைத்து, சின்ன வயதில் கேம் விளையாட வைத்திருந்த பெயரை மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடச் சொன்னேன். மேற்கோள்குறி போட்டால் அந்த எழுத்துகள் அப்படியே இருக்கும் பக்கங்கள் மட்டும் வரும். "அதெல்லாம் யாரு சித்தி தேடப் போறா?" என்று கேட்டுக்கொண்டேதான் தட்டினான்.

நான்கு இடத்தில் வந்தது. ஒரு கிரிக்கெட் வீடியோவுக்குக் கீழே ஒரு வீரரின் நிறத்தைச் சொல்லித் திட்டிய கமெண்ட். அதைப் படித்ததும் அவன் முகம் மாறிவிட்டது. "எட்டாவது படிக்கும்போது எழுதினது சித்தி. பசங்க எல்லாரும் எழுதினாங்க" என்றான். அதே பெயரில் இன்னொரு பக்கத்தில் பழைய போனை விற்க விளம்பரம் போட்டிருக்கிறான். அதில் அவன் அப்பாவின் எண், எங்கள் தெருப் பெயர் இரண்டும் இருந்தன. அந்த விளம்பரத்தை வைத்து கமெண்ட் எழுதியவன் யார் என்று யாரும் கண்டுபிடித்துவிடலாம். "கோமி கதைதான்டா இது" என்றேன்.

அன்று செய்த வேலைகள் எல்லாம் சாதாரணமானவை. பழைய மின்னஞ்சல்கள் எத்தனை என்று ஒரு தாளில் எழுதினான். ஒவ்வொன்றிலும் வரவேற்கிறோம், கணக்கு உறுதி செய்யப்பட்டது என்று வந்த அஞ்சல்களைத் தேடினோம். எங்கெங்கே கணக்கு தொடங்கினான் என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் இல்லை. பதினேழு கணக்குகள் வந்தன, அதில் பதினொன்று அவனுக்கே மறந்துபோனவை. போனில் உள்ள எண்களைப் படிக்க எல்லா ஆப்புக்கும் கொடுத்திருந்த அனுமதியை ரத்து செய்தான், ஏனென்றால் "உங்களுக்குத் தெரிந்தவர்" பட்டியலில் நம்மை நிறுத்த அந்த எண்களும் உதவுகின்றன. இனி பேர் சொல்லாமல் எழுத நினைத்தால் அதற்கென்று தனி மின்னஞ்சல், எங்கும் வைக்காத பெயர் என்று முடிவு செய்தான்.

நான்கில் மூன்றை அழித்துவிட்டோம். அந்த கிரிக்கெட் கமெண்ட் மட்டும் இன்னும் இருக்கிறது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் அவனுக்கு நினைவில்லை. மாற்றலாம் என்றால் ஓடிபி போகிற எண்ணை ஆறு வருடம் முன்பே விட்டுவிட்டான், இப்போது அது வேறு யாரிடமோ இருக்கிறது. நீக்கச் சொல்லி அந்த நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறான். பதில் வரவில்லை. நேர்முகத் தேர்வில் கேட்டால் நான் எழுதியதுதான் என்று சொல்லப் போவதாகச் சொன்னான்.